தெளிவாக இருக்கும் மீன் தொட்டி நீரை வாரந்தோறும் ஏன் மாற்ற வேண்டும்?

கேள்வியை இப்படிச் சுருக்கிக்கொள்கிறேன்: தொட்டி நீர் கண்ணாடி போல் இருக்கிறது, வடிகட்டி இரவு பகலாக ஓடுகிறது, குறைந்த நீரை மட்டும் அவ்வப்போது நிரப்பி வருகிறீர்கள், ஏழெட்டு மாதங்களாக மீன்களுக்கு ஒரு குறையும் இல்லை, தண்ணீரை மாற்றியவர்களின் தொட்டிகளில்தான் மீன்கள் செத்ததாகக் கேள்விப்படுகிறீர்கள். அப்படியிருக்க, வாரந்தோறும் நீரை மாற்றச் சொல்வது எதற்காக?

இதில் நீங்கள் சொல்லியிருக்கும் ஒவ்வொன்றும் உண்மையாகவே இருக்கக்கூடும் என்பதுதான் சிக்கல். தண்ணீரை மாற்றி மீன்களைக் கொன்றவர்களில் நானும் ஒருவன்.

என்னுடைய முதல் தொட்டி 60 சென்டிமீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் அதே அளவு உயரமும் கொண்டது. விளிம்பு வரை நிரப்பினால் 54 லிட்டர். சரளைக்கற்களையும் மேலே விட்ட இடைவெளியையும் கழித்தால் 45 லிட்டர் அளவில்தான் நீர் இருந்திருக்கும். அதில் மோலி, பிளாட்டி, கப்பி என்று பதினொரு மீன்களை வளர்த்தேன். எட்டு மாதங்கள் வரை, வற்றிய நீரை நிரப்பியதைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை. பிறகு ஒரு நாள், விருந்தினர் வருகிறார்கள் என்பதற்காக முக்கால் தொட்டி நீரை வெளியேற்றி, சரளைக்கற்களை அள்ளிக் கழுவி, வடிகட்டியின் பஞ்சைக் குழாயடியில் அழுக்கு நிற்கும்வரை பிழிந்து, புதுநீர் நிரப்பினேன். அன்று மாலை தொட்டி மிக அழகாக இருந்தது. மறுநாள் காலைக்குள் ஒன்பது மீன்கள் இறந்துவிட்டன. புதுநீரில்தான் கோளாறு என்று முடிவுகட்டி, இனித் தண்ணீரையே மாற்றுவதில்லை என்று கொஞ்ச காலம் பிடிவாதமாகவும் இருந்தேன். குழாய் நீரின் குளோரினுக்கும் அந்தச் சாவுகளில் பங்கு இருந்திருக்கலாம். ஆனால் பெரும்பழி அந்த எட்டு மாதங்களுக்குத்தான் உரியது என்பது பிற்பாடுதான் புரிந்தது.

மீன் தின்னும் உணவிலுள்ள புரதம் அதன் உடலில் சிதையும்போது அம்மோனியா உண்டாகிறது. அதன் பெரும்பகுதியை மீன் செவுள்கள் வழியாகவே நீரில் விட்டுவிடுகிறது. தின்னாமல் அடியில் தங்கி அழுகும் உணவிலிருந்தும் அம்மோனியா வருகிறது. வடிகட்டியின் பஞ்சிலும் சரளைக்கற்களிலும் ஒட்டி வாழும் நைட்ரோசோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் இந்த அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரோஸ்பைரா போன்றவை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அம்மோனியா செவுள்களை அரிக்கும். நைட்ரைட், மீனின் ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினைப் பிராணவாயு ஏந்த முடியாதபடி கெடுத்துவிடும். இவ்விரண்டோடு ஒப்பிட்டால் நைட்ரேட் சாதுவானது. வடிகட்டியின் வேலை இந்த இடத்தில் முடிந்துவிடுகிறது. அது கழிவை உருமாற்றுகிறதே தவிர, தொட்டியை விட்டு வெளியேற்றுவதில்லை. செடிகள் உறிஞ்சும் சிறு பங்கு போக, நைட்ரேட் முழுவதும் நாளுக்கு நாள் நீரில் சேர்ந்துகொண்டே போகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நீர் தெளிவாக இருப்பது, மிதக்கும் துகள்கள் இல்லை என்பதற்கு மட்டுமே சான்று. உப்புக் கரைசலும் வெறும் நீரும் கண்ணுக்கு ஒன்றாகத்தானே தெரிகின்றன.

எவ்வளவு மாற்ற வேண்டும் என்பதை ஒரு சிறிய கணக்கு தெளிவாக்கும். உங்கள் தொட்டியில் வாரத்துக்கு லிட்டருக்கு 10 மில்லிகிராம் நைட்ரேட் கூடுகிறது என்றும், நிரப்பும் நீரில் நைட்ரேட் அறவே இல்லை என்றும் வைத்துக்கொள்வோம். வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு நீரை மட்டும் மாற்றினால், நைட்ரேட் மெல்ல மெல்ல ஏறி 100 மில்லிகிராமில்தான் நிலைகொள்ளும். ஏனெனில், மாற்றும்போது வெளியேறும் பத்தில் ஒரு பங்கு அந்த வாரத்தில் சேர்ந்த 10 மில்லிகிராமுக்குச் சமமாகும் புள்ளி அதுதான். கால் பங்கு மாற்றினால் உச்சம் 40. பாதியை மாற்றினால் 20. நன்னீர்த் தொட்டிகளுக்கு 20 முதல் 40 மில்லிகிராமுக்குள் வைத்திருப்பதே மீன் வளர்ப்போர் பொதுவாகக் கைக்கொள்ளும் வரம்பு என்பதால், வாரம் கால் பங்கு என்ற வழக்கமான அறிவுரை எங்கிருந்து வருகிறது என்பது இதிலிருந்தே விளங்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாதியை மாற்றுகிறேன் என்பவரின் மீன்கள் அந்த ஆறு மாதமும் ஏறிக்கொண்டே போகும் நீரில் வாழ்ந்துவிட்டு, ஒரே நாளில் வேறொரு நீருக்குத் தூக்கி எறியப்படுகின்றன. ஆகவே அளவைக் காட்டிலும் தவறாத ஒழுங்குதான் முக்கியம் என்பேன்.

வற்றியதை நிரப்புவதை நீர் மாற்றமாகப் பலர் எண்ணிக்கொள்கிறார்கள். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். ஆவியாகிப் போவது நீர் மட்டுமே, அதில் கரைந்த உப்புகள் தொட்டியிலேயே தங்கிவிடுகின்றன. வெப்பமான நாட்களில் வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு வற்றி, அதை நீங்கள் குழாய் நீரால் நிரப்பினால், பத்து வாரங்களில் இன்னொரு தொட்டி நிறைய நீரின் உப்பைக் கூடுதலாகச் சேர்த்திருப்பீர்கள். கண்ணாடியின் மேல்விளிம்பில் படியும் வெள்ளைப் படலம் இதற்குக் கண்கூடான அடையாளம்.

இனிச் சொல்லப்போவதுதான் உங்கள் கேள்வியின் மையம். நீர் மாற்றம் வேண்டாதவற்றை வெளியேற்றுவதோடு நிற்பதில்லை. தீர்ந்துபோனவற்றைத் திரும்பக் கொண்டுவந்தும் சேர்க்கிறது. அம்மோனியா நைட்ரேட்டாக மாறும்போது அமிலம் உண்டாகிறது. அந்த அமிலத்தை நீரில் கரைந்துள்ள பைகார்பனேட், அதாவது நீரின் காரத்தன்மை, ஈடுகட்டி வருகிறது. புதுநீர் வந்துகொண்டிருந்தால் பைகார்பனேட்டும் வந்துகொண்டிருக்கும். வராவிட்டால் சில மாதங்களில் அது கரைந்து தீர்ந்து, 7.5 ஆக இருந்த பி.எச். அளவு (நீர் எவ்வளவு அமிலமானது என்பதைக் காட்டும் எண்; எண் குறையக் குறைய அமிலம் மிகும்) 6க்கும் கீழே இறங்கக்கூடும். நிரப்பும் நீரே கடினமானதாக இருந்தால் இந்தச் சரிவு தாமதமாகும். மென்மையான நீரில் மிக விரைவாக நேரும். பி.எச். 6க்குக் கீழே போனால் அந்தப் பாக்டீரியாக்கள் வெகுவாக மந்தமாகி, அம்மோனியா மாற்றப்படாமல் சேரத் தொடங்குகிறது. ஆனால் மீன்கள் சாவதில்லை. அமிலம் மிகுந்த நீரில் அம்மோனியா ஏறக்குறைய முழுவதும் அம்மோனியம் என்ற அயனியாக, நச்சு குறைந்த வடிவில் இருப்பதே அதற்குக் காரணம். மீன்களும் நாளுக்கு நாள் சிறிது சிறிதாக மாறும் நீருக்குப் பழகிவிடுவதால், எல்லாம் நலமாக இருப்பது போலவே தோன்றும்.

இந்த நிலையில் ஒருவர் முக்கால் தொட்டிப் புதுநீரை ஊற்றுகிறார். பி.எச். ஒரே மணி நேரத்தில் 6இலிருந்து 7.5க்குத் தாவுகிறது. பி.எச். ஒவ்வோர் அலகு ஏறும்போதும் நச்சு வடிவிலுள்ள அம்மோனியாவின் விழுக்காடு ஏறத்தாழப் பத்து மடங்காகிறது. 25 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் பி.எச். 7இல் அது 0.6 விழுக்காடுக்கும் குறைவு, பி.எச். 8இல் 5 விழுக்காடுக்கும் மேல். முக்கால்வாசி அம்மோனியா பழைய நீரோடு வெளியேறியிருந்தாலும், எஞ்சிய கால் பங்கின் நச்சு முப்பது மடங்காகிவிடுவதால், மொத்தத்தில் மீன்கள் முன்னைவிட ஏழெட்டு மடங்கு நச்சுக்கு நடுவே நிற்கின்றன. அதோடு வடிகட்டியின் பஞ்சையும் குழாய் நீரில் கழுவிவிட்டால், அதைக் கையாள வேண்டிய பாக்டீரியாக்களும் போய்விட்டன. என் தொட்டியில் நடந்தது இதுதான் என்று நம்புகிறேன். தண்ணீரை மாற்றினால் மீன் சாகிறது என்ற பேச்சுக்குப் பின்னால் பெரும்பாலும் நெடுநாள் மாற்றாமல் விட்ட ஒரு தொட்டி இருக்கும். இன்னோர் அடையாளமும் உண்டு: பழைய மீன்கள் நன்றாக இருக்க, புதிதாக வாங்கி விடும் மீன்கள் மட்டும் ஓரிரு நாளில் இறக்கின்றன என்றால், விற்றவரைக் குறை சொல்வதற்கு முன் தொட்டி நீரைச் சோதித்துப் பார்ப்பது நல்லது.

நீரை மாற்றவே தேவையில்லாத தொட்டி என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அதற்கு ஒரு மதிப்பான பூர்வீகம் இருக்கிறது. 1850இல் ராபர்ட் வாரிங்டன் என்ற ஆங்கிலேய வேதியியலாளர், 12 கேலன் நீரில் தங்கமீன்கள், வாலிஸ்னேரியா செடி, குளத்து நத்தைகள் ஆகியவற்றை ஒன்றையொன்று தாங்கி வாழும்படி வைத்திருந்ததை அறிக்கையாக வெளியிட்டார். 12 கேலன் என்பது ஏறக்குறைய என் முதல் தொட்டியின் அளவேதான். ஆனால் அவர் வைத்திருந்தவை இரண்டே இரண்டு சிறிய மீன்கள். நான் வைத்திருந்தவை பதினொன்று. செடிகள் அடர்ந்து, மீன்கள் மிகக் குறைந்து, உணவும் அளவோடு இடப்படும் தொட்டியில் நீர் மாற்றத்தின் இடைவெளியைத் தாராளமாக நீட்டலாம் என்பதை நானும் மறுக்கவில்லை. குளத்தில் யார் தண்ணீர் மாற்றுகிறார்கள் என்ற கேள்விக்கும் இதே விடைதான்: குளத்தில் ஒரு மீனுக்குக் கிடைக்கும் நீரின் அளவே வேறு, மழையும் ஓடையும் வேறு இருக்கின்றன.

செய்முறையில் கவனிக்க வேண்டியவை அதிகமில்லை. குழாய் நீரில் குளோரின் இருந்தால், அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் வைத்துக் காற்றுக் குமிழ் விட்டால் பெரும்பாலும் போய்விடும்; குளோரினோடு அம்மோனியாவும் சேர்ந்த கிருமிநாசினியான குளோரமின் கலந்த நீரில் அப்படிப் போகாது, அதற்குரிய மருந்துதான் வேண்டும். வெறும் சோடியம் தயோசல்பேட் குளோரமினிலுள்ள குளோரினை முறித்தாலும் அம்மோனியாவை நீரில் விட்டுவிடும் என்பதால், அம்மோனியாவையும் கட்டுப்படுத்தும் மருந்தைத் தேர்ந்தெடுங்கள். ஆழ்துளைக் கிணற்று நீரில் குளோரின் இராது. ஆனால் அதில் கரியமில வாயு மிகுந்தும் பிராணவாயு குறைந்தும் இருக்கக்கூடும் என்பதால் அதையும் சில மணி நேரம் காற்றூட்டிய பிறகே ஊற்றுவது பாதுகாப்பானது. நிலத்தடி நீரிலேயே நைட்ரேட் இருப்பதும் உண்டு, ஆகவே ஒருமுறை அதையும் சோதித்துவிடுங்கள். புதுநீரின் வெப்பநிலை தொட்டி நீரோடு ஓரிரு பாகைக்குள் ஒத்திருக்க வேண்டும். சைஃபன் குழாயைச் சரளைக்கற்களுக்குள் செருகி அடியில் படிந்த கழிவோடு சேர்த்து நீரை இழுங்கள். ஆனால் வாயால் உறிஞ்சித் தொடங்காதீர்கள், கையில் சிராய்ப்போ வெட்டோ இருக்கும்போது தொட்டிக்குள் கையை விடவும் வேண்டாம், ஏனெனில் தொட்டி நீரில் மனிதத் தோலைப் பற்றும் மைக்கோபாக்டீரியா இருக்கக்கூடும். நீர்மட்டம் இறங்கும் முன் ஹீட்டரின் மின் இணைப்பைத் துண்டித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கண்ணாடி வெடித்துவிடலாம். வடிகட்டியின் பஞ்சை, எடுத்த பழைய நீரிலேயே லேசாக அலசினால் போதும். அதையும் நீரை மாற்றாத வேறொரு நாளில் செய்வது நல்லது.

உங்கள் தொட்டிக்கு வருகிறேன். ஏழெட்டு மாதங்கள் மாற்றாத நீர் என்பதால், இதைப் படித்துவிட்டு இன்றைக்கே பாதியை மாற்றிவிடாதீர்கள். முதலில் தொட்டி நீரையும் நீங்கள் நிரப்பும் நீரையும் அருகருகே வைத்து அம்மோனியா, நைட்ரேட், பி.எச்., காரத்தன்மை ஆகிய நான்கையும் சோதியுங்கள். இரண்டு நீருக்கும் பி.எச். அளவு ஏறக்குறைய ஒன்றாக இருந்து, அம்மோனியாவும் இல்லையென்றால், இந்த வாரமே 20 விழுக்காட்டில் தொடங்கலாம். தொட்டி நீரின் பி.எச். வெகுவாக இறங்கியிருந்தால், இரண்டு நாளைக்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவாக, மெல்லிய ஒழுக்கில் மாற்றி வாருங்கள். உணவைப் பாதியாகக் குறையுங்கள். ஒவ்வொரு முறையும் மாற்றுவதற்கு முன் அம்மோனியாவைச் சோதியுங்கள். மூன்று நான்கு வாரங்களில் இரு நீரின் அளவுகளும் நெருங்கிவிடும். அதன்பிறகு வாரம் கால் பங்கு என்ற கணக்குக்கு வந்துவிடலாம்.