நைட்ரோ படகு திருப்பத்தில் நின்றுபோவது பற்றி

கரையில் ஸ்டாண்டில் வைத்தால் அருமையாக ஓடும் ரிமோட் கண்ட்ரோல் நைட்ரோ (நைட்ரோமீத்தேன் கலந்த எரிபொருளில் ஓடும்) படகின் இன்ஜின், தண்ணீரில் முதல் திருப்பத்திலேயே நின்றுவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள், நண்பரே. கார்புரேட்டரைக் கழற்ற வேண்டாம். முதலில் அதில் எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஊசியைப் பாருங்கள்.

ஸ்டாண்டில் சரிசெய்த ஊசி அளவு தண்ணீரில் சரிவராது. படகு வேகம் பிடித்ததும் டியூன்டு பைப் (இன்ஜின் சக்தியைக் கூட்டும் புகைக்குழாய்) வேலை செய்யத் தொடங்கும், இன்ஜின் சுழற்சி ஏறும், எரிபொருள் போதாமல் போகும். ஊசியை அரைச் சுற்று திறந்து, புகை நன்றாகத் தெரியும்படி விடுங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக மூடுங்கள். முழு வேகத்தில் ஓடி நின்ற உடனே குளோ பிளக்கை (எரிபொருளைப் பற்றவைக்கும் கம்பிச்சுருள் உள்ள பிளக்) கழற்றிப் பாருங்கள். கம்பிச்சுருள் பளபளவென்று இருந்தால் நல்லது. மங்கி, நெளிந்திருந்தால் உடனே ஊசியைத் திறங்கள். நான் அதைக் கவனிக்காமல் விட்டு ஒரு பிஸ்டனையே இழந்தேன்.

சத்தத்தையும் கேளுங்கள். நேர்ப்பாதையின் கடைசியில் கீச்சென்று ஏறி நின்றால் ஊசிதான். திருப்பத்தின் நடுவில் சட்டென்று நின்றால் டேங்க். வலப்பக்கம் திரும்பும்போது எரிபொருள் இடப்பக்கம் ஒதுங்கும். அதனால் உள்ளே உறிஞ்சும் குழாயின் முனை இடது பின்மூலையில் இருக்க வேண்டும். எரிபொருள் குழாயில் குமிழி தெரிந்தால் டேங்க் அதிர்கிறது, சுற்றிலும் ஸ்பாஞ்ச் வையுங்கள்.

அப்புறம், ஸ்ட்ரட்டுக்கும் (பின்னால் புரொப்பெல்லர் தண்டைத் தாங்கும் பகுதி) டிரைவ் டாக்குக்கும் (தண்டில் மாட்டி புரொப்பெல்லரைச் சுழற்றும் துண்டு) நடுவே 3, 4 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறதா? சுமை ஏறினால் இன்ஜினின் சுழற்சியை புரொப்பெல்லருக்குக் கொண்டுபோகும் ஃபிளெக்ஸ் கேபிள் முறுக்கேறிச் சுருங்கும். இடைவெளி இல்லையென்றால் உரசி இன்ஜினை இழுத்துப் பிடிக்கும்.