எந்த ஏரியில் எந்தப் பூச்சி? (சேலம் பகுதி வாசகர்களுடன் கேள்வி பதில்)

கன்னங்குறிச்சி: சார், மூக்கனேரிக் கரைச் சேற்றைக் கிளறினால் ரத்தச் சிவப்பில் புழுக்கள் நெளிகின்றன. தண்ணீர் கெட்டுவிட்டதா?

அவை கொசு மாதிரியே இருக்கும், ஆனால் கடிக்காத ஒரு பூச்சியின் புழுக்கள். சிவப்புக்குக் காரணம் ஹீமோகுளோபின். ஆக்சிஜன் குறைந்த சேற்றில் அதை வைத்துத்தான் பிழைக்கின்றன. நல்ல ஏரியிலும் இருக்கும். வலை போட்டால் இவை மட்டுமே வருகிறது என்றால்தான் சாக்கடை கலப்பைச் சந்தேகிக்க வேண்டும். பூச்சி எப்படி மூச்சு விடுகிறது என்று பாருங்கள், பாதிப் புதிர் விடுபடும். மேஃப்ளை (வளர்ந்தபின் ஓரிரு நாளே பறந்து வாழும் சிறு பூச்சி), ஊசித்தட்டான் இரண்டின் தண்ணீரில் வளரும் குஞ்சுகளுக்குச் செவுள் உண்டு. தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தால் மேஃப்ளைதான் முதலில் காணாமல் போகும். கொசுப்புழு வால்பக்கக் குழாயை மேலே நீட்டிக் காற்றை இழுக்கிறது. நீர்வண்டு இறக்கைக்கடியில் காற்றை அடைத்துக்கொண்டு முங்குகிறது. தண்ணீர் நாறினாலும் இவற்றுக்கு மூச்சு முட்டாது.

ஏற்காடு: எங்கள் ஏரி குளிர்ச்சி. ஆக்சிஜனும் அதிகம்தானே?

கடல்மட்டத்தில் 20 டிகிரி நீரில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் கரையும், 30 டிகிரியில் ஏழரை. ஆனால் மலைமேல் காற்றழுத்தம் குறைவு. குளிரில் கிடைத்த லாபத்தில் பெரும்பங்கு அதில் போய்விடும். குளிரில் பூச்சிக்குத் தேவையும் குறைவு என்பதுதான் நிஜ ஆதாயம்.

அஸ்தம்பட்டி: ஆகாயத்தாமரையை முழுக்க அள்ளினால் தட்டான் குறையுமா?

அள்ளுங்கள். அது மூடிய இடத்தில் அடியில் வெளிச்சமும் இல்லை, காற்றும் இல்லை. ஆனால் கரையோரக் கோரையை விட்டுவைக்கவும். தட்டான் குஞ்சு தண்டில் ஏறித்தான் கடைசித் தோலை உரித்துப் பறக்கும். பொக்லைன்காரரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்; கரையைச் செங்குத்தாக வெட்டிவிட்டால் முழங்காலளவு தண்ணீர் நிற்கும் ஓரமே இருக்காது. பூச்சிகளில் பெரும்பாலானவை இருப்பது அங்கேதான்.

பனமரத்துப்பட்டி: வறண்ட குட்டையில் மழைக்குப் பிறகு இவ்வளவு தட்டான் எங்கிருந்து?

மழைமேகத்தோடு வெகுதூரம் பறந்து வரும் மஞ்சள் தட்டான் ஒன்று உண்டு. புதுத் தண்ணீரில் முட்டையிடும், இரண்டு மாதத்துக்குள் குஞ்சு வளர்ந்துவிடும். மீன் இல்லாததுதான் வசதி. கொசுப்புழுவைத் தின்னட்டும் என்று கம்பூசியா மீனை விடாதீர்கள். அது தட்டான் குஞ்சையும் தின்னும்.

அம்மாபேட்டை: தெருவிளக்கடியில் விரல் நீளத்துக்குக் கரப்பான் மாதிரி ஒன்று கிடந்தது...

கரப்பான் இல்லை தம்பி, ஏரியில் வாழும் ராட்சத நீர்ப்பூச்சி. வெளிச்சத்துக்கு மயங்கி வந்திருக்கும். கையால் எடுக்காதீர்கள், முறத்தில் தள்ளித் தண்ணீரில் விடுங்கள். அது குத்தினால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.