மீன் வால் முறியாமல் இருக்க

கேள்வி: தேங்காயெண்ணெய்ச் சவர்க்காரம் வீட்டில் செய்து விற்கிறேன். நம் ஊரின் பாடும் மீனை நினைத்து மீன் வடிவில் வெட்டினால் வால் முறிகிறது, ஓரம் உதிர்கிறது. கேக் சாமான் கடையில் அலுமினிய வெட்டியும் சிலிக்கோன் அச்சும் இருக்கின்றன. எதை வாங்கலாம்?
- வாசகி, ஆரையம்பதி

பதில்: அலுமினியம் வேண்டவே வேண்டாம், தங்கச்சி. சவர்க்காரத்துக்குச் சேர்க்கும் காஸ்டிக் சோடா அதை அரித்து ஐதரசன் வாயுவைக் கிளப்பும். தகர வெட்டியும் துருப்பிடித்துச் சவர்க்காரத்தில் கறை விடும். எவர்சில்வர் வெட்டி வாங்குங்கள். வாங்கும்போது உயரத்தைப் பாருங்கள். பிஸ்கட் வெட்டிகள் பல 2 சென்ரிமீற்றர்தான் இருக்கும். சவர்க்காரத்தை அதைவிட மெல்லியதாக ஊற்றினால்தான் அடிவரை வெட்டுப்படும்.

ஆனால் ஓரம் உதிர்வது நேரம் பிந்துவதால். தேங்காயெண்ணெயில் ஏறக்குறையப் பாதி லோரிக் அமிலம். அதனால் சவர்க்காரம் கெதியாக இறுகி, நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும். வேறு எண்ணெய் கலக்காவிட்டால் மறுநாள் காலைவரை வைக்காதீர்கள். ஊற்றி நாலு மணித்தியாலத்திலிருந்தே தொட்டுப் பாருங்கள். கையுறை போட்டுத்தான் தொட வேண்டும், காஸ்டிக் சோடாவின் காரம் இன்னும் அடங்கியிராது. ஆறிய தொதல் போல விரல் பதிந்தும் ஒட்டாமல் வந்தால் உடனே வெட்டுங்கள். வெட்டியை நேராக அழுத்தி நேராகவே எடுங்கள், திருகினால் வால் போய்விடும்.

வடிவத்தையும் கொஞ்சம் மாற்றுங்கள். உடலும் வாலும் சேரும் இடம் விரல் அகலமாவது இருக்கட்டும். நாலு முதல் ஆறு கிழமை காயும்போது நீர் வற்றிச் சுருங்கும், மெல்லிய வால் வளைந்துவிடும். கூரான செட்டை குளிக்கும்போது கையையும் உறுத்தும். கண்ணை நான் ஈர்க்கில் அடியால் குத்துவேன், அதுவே போதும்.

செதிலெல்லாம் தெரிய வேண்டுமென்றால் சிலிக்கோன் அச்சுத்தான். அதில் வெட்டும் அவசரம் இல்லை. இரண்டு நாள் விட்டு, பிரீசரில் கொஞ்ச நேரம் வைத்தால் வால் நுனிவரை சுத்தமாகக் கழன்று வரும். விற்பனைக்கு என்றால் இதுதான் என் விருப்பம், வெட்டுத் துண்டு மிஞ்சாது. ஏற்கெனவே மிஞ்சிய துண்டுகளை எறியாதீர்கள். துருவி அடுத்த கலவையில் போடுங்கள், வெள்ளைக்குள் நிறப் பொட்டுகள் அழகாக இருக்கும்.

கேள்வி: வட்டமாகச் செய்ய மலிவான வழி உண்டா?
- வாசகர், அக்கரைப்பற்று

பதில்: ஹாட்வெயார் கடையில் இரண்டரை அங்குல பி.வி.சி. குழாய்த் துண்டு வாங்குங்கள். உள்ளே ஒயில் பேப்பர் சுற்றி, ஒரு முனையை நன்றாக அடைத்து ஊற்றுங்கள். இறுகியதும் அடைப்பை எடுத்துத் தள்ளி, மெல்லிய கம்பியால் வில்லை வில்லையாக அறுக்கலாம்.