அண்ணனும் தம்பியும் ஒரே பட்டாலியனில்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பெல்ஜியத்தில் வேலை பார்க்கும் என் மகன், ஈப்பர் நகரின் மெனின் கேட் என்ற நினைவு வளைவின் படங்களை அனுப்பியிருந்தான். முதல் உலகப் போரில் உடல் கிடைக்காதவர்களின் பெயர்கள் சுவர் முழுக்க. அதில் சீப்ரூக் என்று ஆஸ்திரேலியச் சகோதரர்கள் இருவர். மூன்றாவது சகோதரரும் அதே வாரத்தில் இறந்தாராம். ஒரே வீட்டுப் பிள்ளைகளை ஒரே படைப்பிரிவில் போடுவது ராணுவத்தின் மடத்தனம் இல்லையா? பிரிட்டனின் சண்டையில் செத்ததைத் தியாகம் என்பதும் எனக்குப் புரியவில்லை.

கே., திருச்சி

அன்புள்ள கே.,

ராணுவத்தை மட்டும் திட்டிப் பயனில்லை. ஆஸ்திரேலியாவிலிருந்து அங்கே போனவர்கள் எல்லோருமே தாமாகச் சேர்ந்தவர்கள். கட்டாய ஆள்சேர்ப்பை 1916, 1917 என இரண்டு பொதுவாக்கெடுப்புகளில் ஆஸ்திரேலிய மக்கள் நிராகரித்தார்கள். தானாகப் போகிறவன் அண்ணன் இருக்கும் இடத்துக்குத்தானே போவான்? தம்பியைத் தன் பிரிவுக்கே கேட்டு வாங்கிக்கொண்ட அண்ணன்களும் உண்டு.

அதற்குக் கொடுத்த விலை பெரிது. சிட்னிக்காரர்களான சீப்ரூக் சகோதரர்கள் மூவரும் 17வது பட்டாலியன். 1917 செப்டம்பர் 20 அன்று தியோவும் ஜார்ஜும் ஒரே குண்டுக்குப் பலியானார்கள். கீத் காயம்பட்டு மறுநாள் இறந்தார்.

ஆனால் ஆறு நாள் கழித்து, பக்கத்திலேயே பாலிகன் வுட் என்ற காட்டில் நடந்ததையும் பாருங்கள். குவீன்ஸ்லாந்தின் நனாங்கோவைச் சேர்ந்த ஜாக் ஹன்டரும் தம்பி ஜிம்மும் 49வது பட்டாலியன். ஜாக் தம்பியின் கையிலேயே உயிரை விட்டார். ஜிம் அவரை, சிப்பாய்கள் தரையில் விரித்துப் படுக்கும் நீர்புகாத் துணியில் நன்றாகச் சுற்றிப் புதைத்தார். போர் முடிந்து தேடிப் போனபோது குண்டுகள் உழுதுபோட்ட மண்ணில் இடமே அடையாளம் தெரியவில்லை. கடைசிக் காலத்திலும் ஜாக்கைக் கூப்பிட்டபடி இருந்தார் என்கிறார்கள் குடும்பத்தினர்.

2006இல் அந்தப் பகுதியில் குழாய் பதிக்கத் தோண்டியபோது ஐந்து உடல்கள் கிடைத்தன. அவற்றில் ஒன்று மட்டும் அவ்வளவு அக்கறையாகச் சுற்றப்பட்டிருந்தது. மரபணுச் சோதனையில் அது ஜாக்தான் என்று உறுதியானது. தம்பி உடன் இல்லாதிருந்தால் அவரும் 'பெயர் தெரியாத சிப்பாய்' கணக்கில் போயிருக்கலாம். அதனால்தான் மடத்தனம் என்ற சொல் எனக்குப் பொருந்தவில்லை.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பிரிட்டனின் சண்டை என்பது சரி. ஆனால் அன்றைய ஆஸ்திரேலியர்களில் பலர் தங்களையும் பிரிட்டிஷ்காரர்களாகவே நினைத்தார்கள். அரசுகள் செய்த முடிவுக்கு அந்தப் பையன்களைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை.

ஜாக்கின் கல்லறை பாலிகன் வுட்டில், பட்ஸ் நியூ பிரிட்டிஷ் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. ஈப்பரிலிருந்து காரில் கொஞ்ச நேரம்தான். மகனைப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். மெனின் கேட்டில் இரவு எட்டு மணிக்கு ஊதுகொம்பு ஊதுவதற்குள் திரும்பிவிடலாம்.