பவுடர் கோட்டிங்குக்கு அடியில் துரு: ஜிப்ஸி பம்பரை என்ன செய்யலாம்?

கேள்வி: என்னிடம் 2008 மாடல் மாருதி ஜிப்ஸி இருக்கிறது. தூத்துக்குடியில் பெரும்பாலும் கடலோர ஓட்டம்தான். நான்கு வருடத்துக்கு முன் இரும்பு பம்பர் இரண்டையும் கழற்றி, கறுப்பில் பவுடர் கோட்டிங் செய்தேன். இப்போது ஓரங்களில் கொப்புளம் கிளம்பி, தட்டினால் துருத்தூள் கொட்டுகிறது. மேலேயே தேய்த்து ஸ்ப்ரே அடிக்கலாமா? மறுபடியும் பவுடர் கோட்டிங்குக்கே கொடுக்கலாமா?

பதில்: முடிவு செய்வதற்கு முன் பம்பரைக் கழற்றிக் கவிழ்த்துப் போட்டுப் பாருங்கள். உங்கள் பிரச்சினை பின்பக்கத்தில்தான் ஆரம்பித்திருக்கும். பவுடர் கோட்டிங்கில் பெயின்ட் தூள் மின்னூட்டத்தால் இரும்பில் ஒட்டுகிறது; பிறகு சூட்டில் உருக்கிப் படலமாக்குவார்கள். மடிப்பு, உள்மூலை போன்ற இடங்களுக்குள் அது சரியாகப் போகாது. வெளியே தடிமனாகப் பளபளக்கும் பம்பர், மடிப்புக்குள் கிட்டத்தட்ட வெறும் இரும்பாகவே இருக்கும். அங்கே உப்புக்காற்றும் சேறும் போய் உட்கார்ந்தால், துரு படலத்துக்கு அடியிலேயே ஊர்ந்து முன்பக்கம் வந்துவிடும்.

அடுத்து, ஒரு கொப்புளத்தை ஸ்க்ரூடிரைவர் முனையால் நெம்புங்கள். படலம் சில்லுச் சில்லாக உரிந்து வரும். கெட்டியாகப் பிடித்திருக்கும் இடம் வரும்வரை உரித்துக்கொண்டே போங்கள். காசளவு கொப்புளத்துக்கு உள்ளங்கை அளவு உரிந்தால், மேலே தேய்த்து ஸ்ப்ரே அடிக்கும் யோசனையை விட்டுவிடலாம். ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. இரண்டு மூன்று இடம் மட்டும்தான் என்றால் ஒட்டு வேலை போதும். நல்ல தண்ணீரில் உப்பு போகக் கழுவிக் காயவைத்து, 80 நம்பர் உப்புத்தாளில் துருவை எடுத்து, 180, 320 என ஓரங்களைச் சரித்து, எபாக்சி ப்ரைமர் (இரும்பைக் கெட்டியாகப் பிடிக்கும் அடிப்பூச்சு) இரண்டு கோட், அப்புறம் கறுப்பு. நிறம் கொஞ்சம் வித்தியாசம் காட்டும். ஜிப்ஸிக்கு அது ஒரு குறையா என்ன!

கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டித் தேய்த்தால் இரும்பு பளிச்சென்று ஆகும். அதை நம்பாதீர்கள். பிரஷ் துருவைப் பாலிஷ்தான் போடுகிறது, குழிக்குள் இருப்பது அப்படியே இருக்கும்.

மொத்தமாகச் செய்வதென்றால் சாண்ட் பிளாஸ்டிங்தான் (காற்றழுத்தத்தில் மணல் போன்ற துகளைப் பீய்ச்சித் துருவை எடுப்பது) என் தேர்வு. பவுடர் கோட்டிங் கடைகள் பலவற்றில் தொட்டி முறை உண்டு: ஆசிடில் முக்கித் துருவை எடுப்பார்கள். தகடு மாதிரியான சாமானுக்கு அது சரி. மடிப்புள்ள பம்பரில் ஆசிட் இடுக்கில் தங்கிவிட்டால், கோட்டிங் போட்ட பிறகு அங்கிருந்தே மறுபடி துரு கிளம்பும். பிளாஸ்டிங் முடிந்த இரும்பை வெறும் கையால் தொடாதீர்கள். உங்கள் ஊர் ஈரக்காற்றில் விரல் பதிந்த இடம் சீக்கிரமே துருப்பிடிக்கும். அன்றைக்கே ப்ரைமர் ஏறிவிட வேண்டும்.

இனி, பவுடரா பெயின்டா? பிளாஸ்டிங்குக்குப் பிறகு இரும்பில் ஆழமான குழிகள் தெரிகின்றனவா என்று பார்த்து முடிவு செய்யுங்கள். பவுடரைச் சுமார் 180 முதல் 200 டிகிரி சூட்டில் வேகவைப்பார்கள்; குழியை நிரப்பும் சாதாரண பட்டி அந்தச் சூட்டைத் தாங்காது. குழி இருந்தால் டூ-பேக் (ஹார்ட்னர் என்ற இறுக்கும் திரவத்தைத் தனியாகக் கலந்து அடிப்பது) எபாக்சி ப்ரைமர், பட்டி, மறுபடி ப்ரைமர், மேலே டூ-பேக் பியூ (பாலியூரித்தேன்) பெயின்ட். அடிப்பவர் வெறும் கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிக்கக் கூடாது, பியூ பெயின்ட்டின் ஹார்ட்னரில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலுக்கு ஆகாது. குழி இல்லாத வழவழப்பான இரும்பென்றால் பவுடருக்கும் கொடுக்கலாம். ஆனால் நேரடியாக ஒரே கோட் வேண்டாம்; கீழே ஜிங்க் கலந்த எபாக்சி பவுடர், மேலே பாலியெஸ்டர் பவுடர் என்று கேட்டு வாங்குங்கள். எபாக்சி மட்டும் போட்டால் வெயிலில் சுண்ணாம்பு பூத்த மாதிரி வெளுத்துவிடும்.

உங்கள் இடத்தில் நானாக இருந்தால் பெயின்ட்தான் அடிப்பேன். கல் பட்டுத் தெறித்த இடத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு வாசலிலேயே சரிசெய்துவிடலாம். பவுடரில் அந்த வசதி கிடையாது.

எதைச் செய்தாலும், மாட்டுவதற்கு முன் மடிப்புக்குள் கேவிட்டி வாக்ஸ் (இடுக்குகளுக்குள் அடிக்கும் துருத்தடுப்பு மெழுகு) அடித்து, போல்ட் துளைகளின் ஓரத்தில் பிரஷ்ஷால் ப்ரைமர் தொட்டு, வாஷருக்கு அடியில் கொஞ்சம் கிரீஸ் வையுங்கள். பழைய துருப்பிடித்த போல்ட்டையே திரும்ப மாட்டாதீர்கள்.