நூறு டாலரில் யாருக்கு எத்தனை?

கேள்வி: 2015 மே மாதம் லாஸ் வேகாஸில் நடந்த மேவெதர் – பாக்கியாவோ குத்துச்சண்டையை டி.வி.யில் பார்க்க, வீட்டுக்கு 100 டாலர் வாங்கினார்களாமே. அவ்வளவும் அந்த இருவருக்கா?

பதில்: போகிற வழியிலேயே பாதி கரைந்துவிடும். இதற்குப் பெயர் பே-பெர்-வியூ. மாதச் சந்தா போக, அந்த ஒரு சண்டைக்கென்று தனியாகக் கட்டும் காசு. முதலில் கை வைப்பது கேபிள், சாட்டிலைட் நிறுவனங்கள். வீட்டுக்குள் வரும் ஒயர் அவர்களுடையது, பில் போடுவதும் அவர்கள்தான். வழக்கமாகச் சரிபாதி எடுத்துக்கொள்வார்கள். (அந்தச் சண்டைக்கு மட்டும் பேரம் பேசிக் குறைத்தார்கள்.) அடுத்து, ஒளிபரப்பும் சேனலின் பங்கு. சாதாரணமாக 100 டாலரில் மிஞ்சுவது நாற்பது சொச்சம்.

இதோடு டிக்கெட் வசூல், வெளிநாட்டு உரிமை, விளம்பரதாரர் பணம், மது பார்கள் கட்டும் தொகை எல்லாம் ஒரே பானையில் விழும். பாருக்குக் கட்டணம் தலைக்கணக்கில் கிடையாது. தீயணைப்பு விதிப்படி அங்கே எத்தனை பேர் இருக்கலாமோ அதை வைத்து. அன்று 46 லட்சம் பேர் காசு கட்டினார்கள். அரங்கில் விற்றது 16,219 டிக்கெட், வசூல் 7.2 கோடி டாலர். சராசரியாக ஒரு நாற்காலி 4,450 டாலர்!

அரங்கச் செலவு, விளம்பரம், முன்னால் மோதும் சின்ன வீரர்களின் சம்பளம் எல்லாம் கழித்த பிறகுதான் பங்கு: மேவெதருக்கு 60, பாக்கியாவோவுக்கு 40. பாக்கியாவோவின் 40-க்குள் அவருடைய புரமோட்டரான, அதாவது சண்டையை ஏற்பாடு செய்து நடத்தும், டாப் ரேங்க் நிறுவனத்தின் பங்கும் அடக்கம். மேவெதரோ தன் சண்டைகளுக்குத் தானே புரமோட்டர். கெட்டிக்காரத்தனம் அங்கேதான் இருக்கிறது. பிறகு பயிற்சியாளருக்கு வழக்கப்படி பத்தில் ஒரு பங்கு. மேனேஜர் இருந்தால், லாஸ் வேகாஸ் இருக்கும் நெவாடா மாநில விதிப்படி அதிகபட்சம் மூன்றில் ஒரு பங்கு. அப்புறம் வருமான வரி.

கேள்வி: தோற்றவருக்கு அதிகப் பணம் கிடைத்ததுண்டா?

பதில்: 2007-இல் மேவெதரிடம் தோற்ற ஆஸ்கர் டி லா ஹோயாவுக்கு 5 கோடி டாலருக்கு மேல், ஜெயித்தவருக்கு ஏறக்குறைய அதில் பாதி. பங்கு பேசி முடிப்பது மணி அடிப்பதற்கு மாதக்கணக்கில் முன்னால். கூட்டம் யார் முகத்துக்காக வருகிறதோ அவர்தான் ‘ஏ-சைட்’. வெற்றி, அடுத்த பேரத்துக்குத்தான் உதவும்.

கேள்வி: 2013-இல் மேவெதருக்கு 4.15 கோடி, கனெலோ அல்வாரெஸுக்கு வெறும் 50 லட்சம் டாலர் என்று செய்தி வந்ததே, அநியாயம் இல்லையா?

பதில்: அது, குத்துச்சண்டையைக் கண்காணிக்கும் நெவாடா மாநில ஆணையத்தில் பதிவான உத்தரவாதத் தொகை. சண்டை விற்றாலும் விற்காவிட்டாலும் கொடுத்தாக வேண்டியது. பே-பெர்-வியூ பங்கு அந்தக் காகிதத்தில் வராது. கேபிள்காரர்கள் கணக்கு முடித்த பிறகே கைக்கு வரும்.

வீரர்கள் ஏமாறுவது இந்த பே-பெர்-வியூ பங்கில்தான். சும்மா ஒரு கணக்கு: 5 லட்சம் பேருக்கு மேல் வாங்கினால், அதற்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் 3 டாலர் என்று ஒப்பந்தம். 7 லட்சம் பேர் வாங்கினால் 6 லட்சம் டாலர். 4.9 லட்சத்தில் நின்றுவிட்டால் பூஜ்யம். பங்கு ‘செலவு போக’ என்றிருந்தால் இன்னும் மோசம். செலவுக் கணக்கை எழுதுவதே புரமோட்டர்தானே. தனக்கு என்ன வருகிறது என்பதைப் புரமோட்டர் வீரரிடம் சொல்லியாக வேண்டும் என்று அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டே முகமது அலி பெயரில் சட்டம் வந்தது. கேட்கிற துணிச்சல் பெரிய வீரருக்குத்தான் இருக்கும்.

கேள்வி: சாம்பியன் பெல்ட்டுக்கும் காசு கட்ட வேண்டுமா?

பதில்: வேண்டும். பட்டம் தரும் அமைப்புகள் வீரரின் சம்பளத்தில் பொதுவாக 3 சதவீதம் வரை கேட்கும். பெரிய சண்டைகளுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. பாக்கியாவோவை வென்ற மேவெதர், அப்படிப் பட்டம் தரும் அமைப்புகளில் ஒன்றான டபிள்யூ.பி.ஓ. கேட்ட 2 லட்சம் டாலரைக் கெடு தேதிக்குள் கட்டவில்லை. வேறு எடைப்பிரிவில் வைத்திருந்த பட்டங்களையும் விடவில்லை. ஜூலையிலேயே பெல்ட்டைப் பறித்துவிட்டார்கள்.