இரண்டு ஆட்டம், ஒரு முழங்கால்

வணக்கம் ஐயா,

சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். மகன் இரண்டாம் படிவம். பள்ளியில் காற்பந்து, கிரிக்கெட் இரண்டு குழுவிலும் இருக்கிறான். எங்கள் தோட்டத்துத் திடலில் காற்பந்து மட்டும்தான். கிரிக்கெட் துரைமார் ஆட்டம் என்பார் அப்பா. இப்போதே ஒன்றை விட்டுவிடச் சொல்கிறார் பயிற்றுநர். இரண்டையும் தொழிலாகவே ஆடியவர்கள் உண்டா?

- ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உண்டு, இங்கிலாந்தில் நிறையவே. உங்கள் மகனுக்கு நான் சொல்ல விரும்புவது கிறிஸ் பால்டர்ஸ்டோன் கதை. 1975 செப்டம்பர் 15, செஸ்டர்ஃபீல்டில் லெஸ்டர்ஷயர் கிரிக்கெட் அணிக்காக ஆடி, ஆட்டம் முடியும்போது 51 ஓட்டங்களுடன் களத்தில் நின்றார். உடனே காரில் ஏறி டான்காஸ்டர் போய், இரவு அந்த ஊர் அணிக்காக பிரென்ட்ஃபோர்டுக்கு எதிராகக் காற்பந்து. அது 1-1 என்று சமன். மறுநாள் காலை மறுபடி மட்டையோடு வந்து 116 வரை போனார், மூன்று விக்கெட்டும் எடுத்தார். லெஸ்டர்ஷயருக்கு முதல் கவுண்டி (இங்கிலாந்து மாவட்ட அணிகளின் கிரிக்கெட்) சாம்பியன் பட்டம்! அப்போது அவருக்கு 34 வயது. நம்மில் பலருக்கு அந்த வயதில் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும்.

ஆனால் இதை வெறும் ஆசை என்று நினைத்துவிடாதீர்கள். 1961 வரை அங்கே காற்பந்து ஆட்டக்காரரின் சம்பளத்துக்கு உச்சவரம்பு இருந்தது. கடைசியில் அது வாரம் 20 பவுண்டு. குளிர்காலத்தில் பந்து, கோடையில் மட்டை என்று ஓடியதில் பிழைப்பும் இருந்தது. காலையில் ரப்பர் மரம் சீவிவிட்டு மத்தியானம் வெளிவேலைக்குப் போன நம் அப்பாக்களைப் போலத்தான். அப்புறம் காற்பந்தில் பணம் பெருகியது, பருவமும் நீண்டு கிரிக்கெட் மாதங்களைத் தின்றது. இரண்டு வேலை பார்த்தவர்கள் மறைந்துபோனார்கள்.

பிரில்கிரீம் என்ற தலைமுடிக் கிரீம் விளம்பரத்தில் சிரித்த டென்னிஸ் காம்ப்டன் பால்டர்ஸ்டோனைவிடப் பெரிய பெயர். கிரிக்கெட்டில் 1947இல் ஒரே பருவத்தில் 3,816 ஓட்டம், 18 சதம். காற்பந்தில் அர்செனலோடு 1948இல் லீக் பட்டம், 1950இல் எஃப்ஏ கிண்ணம். போர்க்காலத்தில் இந்தியாவில் இருந்தபோது ஹோல்கர் அணிக்காக ரஞ்சி கிண்ணக் கிரிக்கெட் இறுதியாட்டத்தில் 249 அடித்து ஆட்டமிழக்காமல் நின்றவர். ஆனால் 1938இல் காற்பந்துத் திடலில் எதிரணிக் கோல்காவலரோடு மோதியதில் தொடங்கிய முழங்கால் தொல்லை அவரை விடவே இல்லை. 1955இல் முழங்கால் சில்லையே எடுத்துவிட்டார்கள். விலையைக் கட்டியது கிரிக்கெட்.

பயிற்றுநர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நமக்குக் குளிர்காலமும் இல்லை, கோடையும் இல்லை. எந்த ஆட்டமும் ஆண்டு முழுக்க ஓடும். கால் எப்போது ஓய்வெடுக்கும்? அதற்காக இரண்டாம் படிவத்திலேயே ஒன்றை வெட்டிவிடுவது அவசரம். இரண்டு ஆசிரியரையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, எந்த மாதம் எந்த ஆட்டம் என்று முடிவுசெய்யுங்கள். முழங்கால் வீங்கினால் மட்டும் இரண்டையும் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

சரி, துரைமார் ஆட்டம் என்ற அப்பாவுக்கு ஒரு செய்தி: 1997இல் கோலாலம்பூரில் ஐசிசி கோப்பை என்ற அனைத்துலகக் கிரிக்கெட் போட்டி நடந்தபோது, வங்காளதேசமும் நெதர்லாந்தும் மோதியது சுங்கை பூலோ ரப்பர் ஆராய்ச்சி நிலையத் திடலில்.